ஒன்பதாம் கட்டத்தில் இல்லாத நிலம்

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தப் பத்திரிகையில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்தில் என் பெயரைப் பார்ப்பவர்கள் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்று நினைக்கலாம். பிழை இல்லை. மலைக் கிராமங்களில் நிலத்தின் எல்லையை நடந்து அளந்து வரைபடமாக்குவது என் வேலை. ஒப்பந்த அடிப்படையில் ஏழு ஆண்டுகள் செய்தேன். சென்ற ஆண்டு அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நிலத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்தால் போதும், அங்கே நிற்பது பயிரா புதரா என்பதை அதுவே சொல்லிவிடும். இனி நடப்பவர்கள் தேவையில்லை என்று எங்கள் ஆறு பேருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. ஆகவே நானும் ஓய்வு பெற்றவள்தான்.

போன மாதம் அந்தச் செயலியில் வேலை செய்யும் ரேவதி என்ற புதிய பெண் போனில் அழைத்தாள்.

“அக்கா, படிவத்தோட ஒன்பதாவது கட்டத்துல சாகுபடி, புதர்னு ரெண்டுதான் வருது. ஒரு நிலத்துக்கு ரெண்டுமே பொருந்தல. என்னா போடறது?”

“நிலத்துக்காரங்க என்னா சொல்றாங்க?”

“நான் போகலியே அக்கா. ஆபீஸ்ல உக்காந்துதானே போடறோம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அப்போதே பதில் சொல்லியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். அவள் மீது கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதியமான்கோட்டை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் பொறியியல் படித்தேன். நில அளவையும் வரைபடமும் பிடித்திருந்தன. வேலைக்குச் சேர்ந்ததும் தருமபுரியில் குளிரூட்டிய அறையொன்றில் இரண்டு வாரப் பயிற்சி. அதன் முடிவில் எங்களுக்குச் சொன்னவை நான்கு: கருவியை நம்பு, கண்ணை நம்பாதே, கட்டத்தைக் காலியாக விடாதே, கையெழுத்து இல்லாமல் மலையை விட்டு இறங்காதே. நான்கையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி.

எங்கள் வரைபடம் ஒன்றுதான், அதைக் கேட்ட அலுவலகங்கள் இரண்டு. காட்டு நிலத்தில் தலைமுறையாகப் பயிர் செய்து வருபவர்களுக்கு அந்த நிலத்தின் மீது உரிமை வழங்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த உரிமைக்கு விண்ணப்பித்தவர்களின் நிலத்தை நாங்கள் அளந்தோம். இன்னொரு சட்டமும் இருக்கிறது. சாலைக்காகவோ சுரங்கத்துக்காகவோ ஓரிடத்தில் காட்டை அழித்தால், ஈடாக வேறோரிடத்தில் மரம் நட வேண்டும். அந்த வேறோர் இடத்தைத் தேடுபவர்களும் எங்கள் வரைபடத்தைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டும் டெல்லியில் எழுதப்பட்டவை, இரண்டும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை. ஒரே சரிவில் இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை.

சுற்றுச்சூழல் சட்டம் விவசாயியின் கையை எப்படி மாற்றுகிறது என்பதை முதலில் பார்த்தது கடத்தூர்ப் பக்கத்தில். கருவியைப் பழகிக்கொள்வதற்காகச் சமவெளி நிலங்களில் நடந்துகொண்டிருந்தோம். மாதையன் என்ற விவசாயி தன் வரப்பில் குனிந்து எதையோ பிடுங்கி வீசிக்கொண்டிருந்தார். அருகில் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரச் சந்தனக் கன்றுகள்.

“ஏனுங்க, சந்தனமுங்களா? எதுக்குப் புடுங்கறீங்க?”

“குருவி போட்டுட்டுப் போவுது மேடம். குருவி மேல கேசு போட மாட்டாங்க. என் மேலதான் போடுவாங்க.”

“சொந்த நிலத்துல வளர்க்கலாமுங்களே.”

“வளக்கலாம். வளத்தாப் பதியோணும். வெட்டோணும்னாக் கேக்கோணும். திருடன் வெட்டிக்கினு போனா நானு ஸ்டேஷன்ல உக்காந்து பதில் சொல்லோணும். இப்பப் புடுங்கினா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்.”

அவருடைய மனைவி கடலைக்கொடி பறித்தபடியே தலை நிமிராமல் சொன்னார்: “வேப்பங்கன்னைப் பாத்தாக்கூட மோந்து பாக்கறாரு மேடம், சந்தனமா இருக்கப்போவுதுன்னு.”

எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். மரத்தைக் காக்க எழுதிய சட்டம் மரத்தை முழங்கால் உயரத்திலேயே கொல்கிறது என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. விதிகளைத் தளர்த்திவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். தளர்த்தியிருக்கலாம். மாதையனின் வரப்புக்கு வந்து அதை யாரும் சொல்லவில்லை.

இனி வேலை செய்யும் முறை. இதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும்.

பையில் இருப்பவை: கையடக்க ஜி.பி.எஸ். கருவி, நான்கு பேட்டரிகள், படிவக் கட்டு, எழுதும் அட்டை, மைப்பெட்டி, அளவு நாடா, தண்ணீர். நிலத்துக்காரர் ஒரு மூலையைக் காட்டுவார். அங்கே கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். பிழை ஐந்து மீட்டருக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டவெளியில் ஒரு நிமிடம் போதும், மரத்தடியில் பத்து நிமிடம்கூட ஆகும். பிறகு நிலம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி அடுத்த மூலைக்கு நடை. சுற்றி முடித்ததும் நடுவில் நின்று நான்கு திசைக்கும் நான்கு படம். பிறகு உட்கார்ந்து படிவத்தின் பதினான்கு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். நிரப்பியதை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை நிலத்துக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகே கையெழுத்து அல்லது கைநாட்டு. வாசித்துக் காட்டுவது மரியாதைக்காக அல்ல, அது விதி. படிவத்தின் அடியிலேயே ‘வாசித்துக் காட்டப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும்.

ஒன்பதாம் கட்டம்: ‘நிலத்தின் தற்போதைய பயன்பாடு’. அதற்கு நேரே இரண்டு சொற்கள் மட்டும். சாகுபடி. புதர்.

படிவங்களைச் சரிபார்த்தவர் தணிகாசலம் சார். நில அளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் திட்டத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர். சட்டைக் காலருக்குள் மடித்த கைக்குட்டை எப்போதும் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. படிவத்தை மேசையில் வைத்து, மர ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைப்பார். பார்ப்பார். “அடுத்தது” என்று தனக்குத்தானே சொல்லி ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். பதினான்கு முறை. எங்காவது கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் பேச மாட்டார். தாளை அப்படியே திருப்பி நம் பக்கமாக வைப்பார். ஸ்கேலைக் காலிக் கட்டத்துக்கு அடியில் வைத்துவிட்டு, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் குடிக்கத் தொடங்குவார். அந்த டீ முடிவதற்குள் கட்டம் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் மறுநாள் மலையேற வேண்டியதுதான். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். காலிக் கட்டத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான்.

சித்தேரி மலைக்கு நான் போனது வேலையின் இரண்டாம் ஆண்டில். அரூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி இறங்கி, அங்கிருந்து ஒரு சிற்றூருக்கு நடந்தேன். ராமாயி அக்கா எனக்காகக் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவருக்கும் கணவர் ஆண்டியப்பனுக்கும் சரிவில் இரண்டு துண்டு நிலம், கீழ்நிலம் ஒன்று, மேல்நிலம் ஒன்று. இரண்டுக்கும் உரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள்.

கீழ்நிலத்தில் சாமை அறுத்த தாள் அப்படியே நின்றது. அளந்தேன், ‘சாகுபடி’ என்று எழுதினேன். சிக்கல் ஏதுமில்லை. பிறகு மேல்நிலம். இடுப்பில் செருகிய அரிவாளோடு ராமாயி அக்கா முன்னால் நடந்தார். அங்கே இடுப்பளவு புதர், நடுவில் ஆடுகள். மூலையில் ஒரு மரத்தடியில் கருவியோடு நின்றேன்.

“ஏ பாப்பா, அந்த டப்பா என்னா சொல்லுது?”

“இன்னும் ஏழு மீட்டர் தப்பு காட்டுதுங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க.”

“எங்க மூலைய நானு கண்ண மூடிக்கினு காட்டுவேன். அதுக்கு இம்மா நேரமா?”

மேல் ஓரத்தில் கற்கள் நீளமாகக் குவிந்து ஒரு தாழ்வான சுவர்போலக் கிடந்தன. கேட்டேன்.

“ஓட்டறப்ப வர்ற கல்லு. ஒவ்வொரு ஏருக்கும் பொறுக்கி அங்கதான் வீசுவோம். எங்க மாமியா வீசினது அடியில கெடக்கும்.”

“இப்ப ஏன் ஓட்டாம இருக்குதுங்க?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “ரெண்டு வருசம் இதுல சாமை, ரெண்டு வருசம் அதுல சாமை. அது வெளையறப்ப இது சும்மா கெடக்கும். ஆடு மேயும், எல கொட்டும், மண்ணு கறுத்துக்கும். இந்த மலையில அல்லாரும் அப்பிடித்தான். சரிவுல வுடாம ஓட்டினா ஒரு மழைக்கு மண்ணு அல்லாம் கீழ போயிரும், பாறதான் மிச்சம்.”

மண் பாதுகாப்பு பற்றி மூன்று வரியில் இவ்வளவு தெளிவாக என் பேராசிரியர்கள் யாரும் சொன்னதில்லை. நான் தலையாட்டினேன். உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாம் கட்டத்தில் பேனா நின்றது. சாகுபடி என்று எழுதினால் நான்கு படங்களிலும் புதர்தான் தெரியும், தணிகாசலம் சார் தாளைத் திருப்பி வைப்பார். கட்டத்தை விட்டுவிட்டாலும் திருப்பி வைப்பார். ‘கண்ணை நம்பாதே’ என்று சொல்லியிருந்தார்கள். காதை என்ன செய்வது என்று சொல்லவில்லை. சாரைக் கேட்கலாம் என்றால் சிக்னல் இல்லை. ‘புதர்’ என்று எழுதினேன்.

அப்போது வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மேலே போய்த் திரும்பி அரைமணியில் இறங்கிவிடும். அதை விட்டால் அன்று இறங்க வழியில்லை. நான் பெயரை வாசித்தேன், பரப்பை வாசித்தேன், நான்கு எல்லைகளை வாசித்தேன். மீதியை வாசிக்கவில்லை. ராமாயி அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் உருட்டி எடுத்தேன். ‘வாசித்துக் காட்டப்பட்டது’ என்ற வரிக்கு மேலே.

மறுநாள் தணிகாசலம் சாரிடம் கேட்டேன், ஓய்வில் விட்ட நிலத்துக்கு என்ன போடுவது என்று. “இன்னைக்கு என்ன நிக்குதோ அதும்மா” என்றார். ஸ்கேலை ஒன்பதாம் வரிக்கு அடியில் வைத்தார். புதர் என்றிருந்தது. “அடுத்தது.”

ஒன்றரை ஆண்டு கழித்து ராமாயி அக்காவும் ஆண்டியப்பனும் தருமபுரி அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார்கள். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

“நீதான பாப்பா டப்பாவ வெச்சிக்கினு வந்தது?”

“ஆமாங்க அக்கா. உக்காருங்க.”

“உக்காரத்துக்கு வரல. எம் மேல்நெலத்துல வரிசையாக் குழி தோண்டிக்கினு இருக்கறாங்க, மரம் வெக்க. நாங்க ஆடியில சாமை போடோணும். கேட்டா, நீயே பொதருன்னு எழுதிக் குடுத்திருக்கற, கைநாட்டு வேற வெச்சிருக்கறங்கறாங்க. நானு எப்பக் கண்ணு எழுதிக் குடுத்தேன்?”

எங்கோ சமவெளியில் ஒரு சாலையை அகலப்படுத்தக் காட்டு மரங்களை வெட்டியிருந்தார்கள். அதற்கு ஈடாக நட இடம் தேடியபோது, எங்கள் வரைபடத்தில் புதர் என்று இருந்த துண்டுகள் எல்லாம் ‘நலிந்த காடு’ என்ற பட்டியலுக்குப் போயிருந்தன. மேல்நிலத்துக்கான விண்ணப்பம் ‘சாகுபடி இல்லை’ என்று ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த நிராகரிப்புக் கடிதம் மலையேறவே இல்லை.

கோப்பைத் தேடி எடுத்தேன். தாளைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தேன். ஊதா மையில் அவர் விரல் தெளிவாக இருந்தது. நன்றாக உருட்டி எடுத்திருக்கிறேன்.

“அக்கா, இந்த எடத்துல புதர்னு நான்தான் எழுதினேன். உங்களுக்கு இதப் படிச்சுக் காட்டல.”

அதுவரை பேசாமல் நின்ற ஆண்டியப்பன் சொன்னார்: “படிச்சுக் காட்டியிருந்தா உனக்கு பஸ்ஸு போயிருக்கும்.”

அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அடுத்த நான்கு மாதங்கள் நான் வேலை செய்தேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறினேன். குழிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு குழியின் சுவரிலும் மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே சரளைக் கரடு. தலைமுறையாக உழுது, ஆறப்போட்டு, இலை உதிர்த்துச் சேர்த்த மண் அது. பட்டியல் தயாரித்தவர்களில் ஒருவர் வந்து ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும். கற்குவியலை நாடா வைத்து அளந்தேன், படம் எடுத்தேன். குழி தோண்டியவர்கள் பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள், ராமாயி அக்காவுக்கு உறவு. அவர்களில் ஒருவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அண்ணி நெலம்னு தெரியுங்க மேடம். கூலிக்குக் கூப்ட்டாங்க, வந்தோம்.”

“தெரிஞ்சே தோண்டினியாடா?” என்றார் ராமாயி அக்கா.

“நானு தோண்டலன்னா வேற ஆளு தோண்டுவான் அண்ணி. நானு தோண்டினதால ஆழமாத் தோண்டல.”

“உன் ஆழத்துல இடி வுழ. கேட்டா எங்க நெலம்னு வந்து சொல்லுவியா?”

“சொல்லுவேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.”

வந்து சொன்னார். அது அவர்கள் பயிர் செய்யும் நிலம்தான் என்று கிராம சபை தீர்மானம் போட்டது. நான் என் பங்குக்கு ஒரு பக்கம் எழுதினேன். சுருக்கம் இதுதான்: நிலம் சுழற்சி முறையில் பயிராகும் நிலம், படிவத்தில் அதற்கு இடமில்லை, ஒன்பதாம் கட்டம் வாசித்துக் காட்டப்படவில்லை, தவறு என்னுடையது. அதைத் தணிகாசலம் சாரிடம் கொடுத்தேன். அவர் ஸ்கேலை வைக்கவில்லை. கையில் எடுத்து இரண்டு முறை படித்தார்.

“இது மேல போனா என் பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. உன் ஒப்பந்தத்துக்குத்தான் ஆகும். யோசிச்சியா?”

“யோசிச்சேன் சார்.”

“சரிபார்த்தவன் நான். என் பேரு எங்க?”

என் கையெழுத்துக்குக் கீழே, ‘சரிபார்த்ததில் நானும் தவறினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவரைப் பற்றி இதையும் சொல்லாமல் இருந்தால் நான் எழுதுவது நியாயமாகாது.

மாவட்டக் குழுவின் முன் விசாரணை நடந்தது. பெரிய மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் எங்கள் வரைபடம். ஓர் அதிகாரி என் படங்களைத் தள்ளிவிட்டு நேராக ராமாயி அக்காவைக் கேட்டார். “பயிர் நிலம்னு சொல்றீங்க. பயிர் எங்கம்மா?”

ராமாயி அக்கா சற்றும் தயங்கவில்லை. “ஏனுங்க, ஞாயித்துக்கெழம நீங்க ஆபீசுக்கு வர்றதில்ல. உங்க சேரு காலியாத்தான் கெடக்கும். அதுக்குன்னு உங்களுக்கு வேல போயிருச்சின்னு அதுல வேற ஆள உக்கார வெச்சிருவாங்களா?”

அறை சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்தார், சிரித்தபடியே ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயம் கேட்க வந்த ஒருவர் வேடிக்கையாகப் பேசினால்தான் அந்த மேசையில் அவர் பேச்சு ஏறும் என்பது எனக்குச் சகிக்கவில்லை. கறுப்பு மண்ணின் படம் அதே மேசையில்தான் கிடந்தது. யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. மேல்நிலத்துக்கும் ராமாயி, ஆண்டியப்பன் பெயரில் உரிமை. ‘சாகுபடியில் உள்ள நிலம் என்பதன் அடிப்படையில்.’ குழிகளில் இதற்கிடையே நட்டிருந்த கன்றுகளில் பெரும்பாலானவை அதற்குள் காய்ந்துவிட்டன. குழிகளை ராமாயி அக்காவும் ஆண்டியப்பனுமே மூடிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன், ஒப்பந்தம் நீடித்தது. வென்றுவிட்டோம் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன்.

பிறகு தணிகாசலம் சார் கூப்பிட்டார். “அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடும்மா. வருஷா வருஷம் செயற்கைக்கோள் படம் பார்ப்பாங்க. அடுத்த படத்துல புதர் தெரிஞ்சா அந்த நிலம் மறுபடியும் பட்டியலுக்கு வரும். உத்தரவுல சாகுபடின்னு இருக்கு, பார்த்தியா? சும்மா விட வேண்டாம்னு சொல்லு.”

“சார், சும்மா விட்டாத்தானே அந்த மண்ணு நிக்கும்?”

“எனக்குத் தெரியும்மா. படத்துக்குத் தெரியாது.”

இது எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எதிர்த்திருக்கலாம். படிவத்தில் மூன்றாவதாகச் ‘சுழற்சி ஓய்வு’ என்று ஒரு சொல் சேர்க்கக் கோரி மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, இது நாடு முழுமைக்குமான படிவம், மாவட்ட அளவில் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. ஒரு சொல். பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் சித்தேரிச் சரிவுக்கும் ஒரே இரண்டு சொற்கள் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த யாரோ சரிவில் ஏர் ஓட்டியவராக இருக்க முடியாது. மண் அரிப்பைத் தடுக்கத் தனித் திட்டம் இருக்கிறது, அதற்குத் தனி அலுவலகம், தனிப் பயிற்சி, தனிச் சுவரொட்டி. சுவரொட்டியில் அவர்கள் சொல்வதைச் சுவரொட்டி இல்லாமலே செய்துவந்தவர்களை, செய்யாதே என்று மிரட்டுவது இன்னோர் அலுவலகம். இரண்டுமே பசுமை என்ற சொல்லைத்தான் தலைப்பில் போடுகின்றன.

மிரட்டல் என்றேன். அதை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். இம்முறை பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல், முழுவதும் சொன்னேன். ராமாயி அக்கா கேட்டுக்கொண்டார். “அப்ப ரெண்டையும் ஓட்டறோம்” என்றார். நான் சொன்னது அந்தச் சிற்றூர் முழுக்கப் பரவியது. அடுத்த ஆடியில் அங்கே ஆறப்போட்ட நிலம் என்று ஒரு துண்டும் இல்லை.

வேலை போன பிறகு, சென்ற ஆடியில், யாரும் அனுப்பாமல் மலையேறினேன். கையில் கருவி இல்லை. மேல்நிலத்தில் ராமாயி அக்கா மாடு பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் பின்னால் கல் பொறுக்கினார். முன்பு ஒரு சாண் இருந்த கறுப்பு இப்போது இல்லை. ஏர்க்கொழு போன இடமெல்லாம் செம்மண்ணும் சரளையும் புரண்டன.

“எத்தனாவது வருசமுங்க அக்கா இது?”

“மூணு. போன வருசம் சாமை முழங்காலுக்கு வரல. தாளு ஆட்டுக்குக்கூடப் பத்தல.” மாட்டை நிறுத்தி முந்தானையால் முகம் துடைத்தார். “பாப்பா, அந்தப் படம் என்னைக்குப் புடிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லேன். அன்னைக்கு மட்டும் ஏரு பூட்டி நிக்கிறோம். மிச்ச நாளு அது படுத்துக் கெடக்கட்டும்.”

“தேதிய யாருக்கும் சொல்ல மாட்டாங்க அக்கா.”

“உனக்குமா?”

“எனக்கு இப்ப வேலையே இல்லீங்க.”

“அப்ப நீயும் தரிசுதான்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. “மேகம் கூடுது, ஓட்டு” என்றார். ராமாயி அக்கா மாட்டைத் தட்டினார்.

நான் பஸ் ஏறும்போது மழை பிடித்தது. வளைவுகளில் இறங்கும்போது சாலையோர ஓடை சத்தமாக ஓடியது. முன்பெல்லாம் முதல் மழைக்கும் அந்தத் தண்ணீரில் கீழே கிடக்கும் கல் தெரியும். அன்று அது குழம்பு நிறத்தில், மண் வாசத்தோடு, பஸ்ஸைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் யார் யாருடைய நிலம் போகிறது என்று என்னால் பெயர் பெயராகச் சொல்ல முடியும். முதல் பெயர் ராமாயி.